பாவம் பார்க்காத கடைக்காரர்

எங்கள் ஊர் ஒன்றியத்தின் உண்டியலை வைக்க மறுத்த ஒரே தமிழ்க் கடை அவருடையது. டோர்ட்மண்டில் மற்றத் தமிழ்க் கடைகள் எல்லாவற்றிலும் காசு வாங்கும் மேசையில் எங்கள் சிவப்புப் பெட்டி இருந்தது. ‘போரில் அழிந்த ஊரை மீண்டும் கட்டுவோம்’ என்று அதில் ஒட்டியிருந்தோம். அவர் பெட்டியை வாங்கிக் குலுக்கிப் பார்த்தார், ஒட்டியிருந்ததை வாசித்தார், திரும்ப என் கையிலேயே தந்துவிட்டார்.

“இது சாமான் விக்கிற இடம் பிள்ளை. விக்கிறதுக்கு ஏதும் இருந்தால் கொண்டு வாங்கோ.”

நான் அப்போது ஒன்றியத்தின் செயலாளர். சின்ன வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஜெர்மனிக்கு வந்தவள். ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்துகொண்டு, மிச்ச நேரத்தில், எனக்கு ஒழுங்காக ஞாபகம்கூட இல்லாத ஒரு வன்னிக் கிராமத்தைத் தூக்கி நிறுத்தப் பாடுபட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமையோடு போனவளைத்தான் அவர் அப்படித் திருப்பி அனுப்பினார். மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு போய் ட்ராம் ஏறினேன்.

திட்டினாலும் அந்தக் கடையை விட முடியவில்லை. டோர்ட்மண்டில் கத்தரிக்காய் வாங்க நம்பிப் போகக்கூடிய இடம் அது ஒன்றுதான். நாங்கள் எல்லாரும் அவரைக் கடை அண்ணை என்று கூப்பிட்டோம். கோடை காலத்திலும் கம்பளித் தொப்பி போட்டிருப்பார். நீங்கள் ஒரு முருங்கைக்காயை எடுத்தால், தூரத்தில் நின்றே, “அதை எடுக்காதேங்கோ, அது நார்” என்பார். விற்கிறவரே வாங்காதே என்று சொல்கிற கடையை நான் வேறெங்கும் கண்டதில்லை. கடையின் பின்னறையில் ஒற்றை மின்னடுப்பு ஒன்று வைத்திருந்தார். புதிதாக வந்த எந்தச் சாமானையும் அதில் சமைத்துச் சாப்பிட்டுப் பார்த்த பிறகுதான் விற்கும் அலுமாரித் தட்டில் அடுக்குவார். அவர் கருவாடு பொரித்த நாட்களில் ட்ராம் தரிப்பிடத்தில் நிற்கும் ஜெர்மன்காரர்கள் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

ஒன்றியத்தில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. கல்நெஞ்சர். எங்கள் தலைவர்தான் அதை வைத்தார். தலைவர் நல்ல மனிதர், இளகிய மனம். ஊர் என்ற சொல்லைக் கேட்டாலே கண் கலங்கிவிடும். “தம்பி, எல்லாத்தையும் இழந்து நிக்கிற சனத்தில ஒரு இரக்கம் இருக்கக்கூடாதோ?” என்று ஒருமுறை அவரிடம் நேரே கேட்டார். அதற்குக் கடை அண்ணை, “இரக்கத்தைக் கிலோ என்ன விலைக்குப் போடுறது அண்ணை?” என்று கேட்டதாகவும், தலைவர் அன்றிலிருந்து மாதக்கணக்காகத் துருக்கிக் கடையில் மரக்கறி வாங்கியதாகவும் கேள்வி.

எனக்கு அந்த மனிதர் மேல் கோபத்தைவிட ஆவல்தான் அதிகமாகியது. இரக்கமே இல்லாதவரா, அல்லது இருப்பதை எங்கேயாவது பூட்டி வைத்திருக்கிறாரா என்று கண்டுபிடித்தே தீருவது என்று ஒரு பிடிவாதம். அதற்காகவே தேவையில்லாமல் வெங்காயம் வாங்கினேன்.

சிரியாவிலிருந்து குடும்பம் குடும்பமாகச் சனம் வந்துகொண்டிருந்த காலம் அது. அவர்களில் ஒரு பெண் கீரையும் சீஸும் உள்ளே வைத்துச் சுட்ட பணியார வகை ஒன்றைத் தட்டில் மூடிக் கொண்டுவந்தாள். கடையில் வைத்து விற்கலாமா என்று அரைகுறை ஜெர்மனில் கேட்டாள். வரிசையில் நின்ற எங்கள் ஆட்கள் எல்லாரும் “பாவம், பாவம்” என்று ஆளுக்கொன்று எடுக்கத் தயாரானார்கள். கடை அண்ணை எல்லாரையும் கையால் தடுத்துவிட்டு, ஒன்றை எடுத்து மெதுவாகச் சாப்பிட்டார். முழுவதையும் சாப்பிட்டார். பிறகு, உப்புக் கூடிவிட்டது, மா உள்ளே வேகவில்லை, நாளைக்கு வா என்று அவளுக்குச் சொன்னார். அவளுடைய முகம் கறுத்துவிட்டது. எனக்கு அவரைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போல இருந்தது. வரிசையில் நின்றவர்களும் என்ன மனிதன் இவன் என்று முணுமுணுத்தார்கள்.

ஆனால் அவள் அடுத்த நாள் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். ஒரு நாள் நான் போனபோது அந்தப் பணியாரங்கள் காசு வாங்கும் மேசையில், எங்கள் உண்டியல் இருந்திருக்க வேண்டிய இடத்தில், கண்ணாடி மூடிக்குள் இருந்தன. வாங்கிச் சாப்பிட்டேன். உண்மையிலேயே அருமையாக இருந்தன. அவளைப் பற்றி அவரிடம் கேட்டேன். புருஷன் இருக்கிறானா, எந்த ஊர், எப்படித் தப்பி வந்தாள் என்று அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமைகளில் எவ்வளவு கொண்டுவர முடியும் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

எங்கள் ஒன்றியம் செய்த வேலைகளையும் சொல்ல வேண்டும். போர் முடிந்து, முகாம்களில் இருந்தவர்கள் ஊருக்குத் திரும்பியதும் முதலில் ஊர் வாசலில் ஒரு வளைவு கட்டினோம். அதன் கீழால் போவதற்கு அப்போது ரோட்டு இருக்கவில்லை. பிறகு பெண்களுக்குத் தையல் மெஷின் கொடுத்தோம். எல்லாருக்கும் ஒரே நாளில், ஒரே மாதிரி மெஷின். ஊரில் எல்லாரும் தைத்தார்கள், தைக்கக் கொடுப்பதற்குத்தான் ஆள் இல்லை. அதன் பிறகுதான் யோசித்து, போரில் கணவனை இழந்த பெண்கள் சேர்ந்து நடத்த ஒரு மிளகாய் அரைக்கும் ஆலை போட்டுக் கொடுத்தோம். யாழ்ப்பாணத்துக் கறித்தூள் இல்லாமல் சோறு இறங்காத சனம் உலகம் முழுக்க இருக்கிறது, இது தோற்காது என்று நம்பினோம். அந்தப் பெண்கள் கூட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தவள் பெயர் வதனி. என் வயதுதான் இருக்கும். தொலைபேசியில் பேசும்போது ஒவ்வொரு வசனத்துக்கும் “உங்கட புண்ணியம் அக்கா” என்பாள். கேட்க எனக்குக் கூச்சமாகவும் இருக்கும், சும்மா சொல்லக்கூடாது, கொஞ்சம் இனிப்பாகவும் இருக்கும்.

முதல் முறை வந்த தூளை, கோடையில் நடக்கும் தேர்த் திருவிழாவில், கோயில் தெருவில் கடை போட்டு விற்றோம். பைக்கற்றின் முன்பக்கத்தில் சுளகோடு நிற்கும் ஒரு பெண்ணின் சோகமான படம். அதன் கீழே ‘போரில் துணையை இழந்தவர்களின் உழைப்பு’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தோம். சனம் அள்ளிக்கொண்டு போனது. தேர் இருப்பிடத்துக்கு வருவதற்கு முன் மேசை வெறுமையாகிவிட்டது. கடை அண்ணையும் வந்தார். ஒரு பைக்கற்றை எடுத்து முன்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கம் எல்லாம் பார்த்தார்.

“படம் வடிவாய்த்தான் இருக்கு. உறைப்புக் கூடவோ குறையவோ எண்டு எங்க போட்டிருக்கு?”

“அண்ணை, இது நல்ல காரியத்துக்கு...”

“கறிக்குத்தானே?” என்று கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றை வாங்கிக்கொண்டு போனார்.

அன்றே வதனிக்குச் சொன்னோம். அங்கே ஒரே கொண்டாட்டம். இன்னும் பல பெண்கள் ஆலையில் சேர்ந்தார்கள். செத்தல் மிளகாய் மூட்டை மூட்டையாக வாங்கி நிரப்பினார்கள். கொழும்புப் பக்கம் ஆடைத் தொழிற்சாலைக்குப் போவதற்காகப் பிள்ளைகளை உறவினர் வீட்டில் விட்டிருந்த இரண்டு பெண்கள், இனிப் போகத் தேவையில்லை என்று பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தார்களாம். அதைக் கேட்டுத் தலைவர் அழுதார். நானும்தான்.

அடுத்த பெட்டிகள் குளிர் காலத்தில் வந்தன. ஒன்றும் விற்கவில்லை. வீடு வீடாகக் கொண்டுபோனோம். “முந்தி வாங்கினது இன்னும் இருக்குத் தங்கச்சி” என்று எல்லா வீட்டிலும் ஒரே பதில். உண்மையைத்தான் சொன்னார்கள். ஒரு வீட்டில் அது சாமியறையில் விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருந்தது. தலைவர் வீட்டில் சோக்கேசுக்குள், பிள்ளைகள் நீச்சலில் வென்ற பதக்கங்களுக்கு நடுவில், அந்தச் சோகமான பெண் வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். பிரித்துச் சமைத்தவர் ஒருவரும் இல்லை. கறிக்கு வழக்கம் போல அவரவர் மாமி, மச்சாள் அனுப்பும் தூளையே போட்டார்கள். எங்கள் சனத்துக்கு இது ஒரு வியாதி. உதவிக்கு வாங்கியதை உபயோகிக்கக் கூடாது என்று ஒரு மரியாதை.

விற்காவிட்டால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆலை மூடும். வாங்கிக் குவித்த மிளகாய் மழைக்குப் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பிள்ளைகளைத் திரும்பவும் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுத் தாய்மார் பஸ் ஏறுவார்கள். வேறு வழி தெரியாமல் கல்நெஞ்சரிடம் போனேன். உண்டியல் இல்லை அண்ணை, இந்த முறை சாமான்தான் என்று பெட்டியை வைத்தேன்.

அவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. “நான் திருவிழாவில வாங்கினதைச் சமைச்சனான் பிள்ளை. கசக்குது. வெந்தயம் கருகியிருக்கு. எல்லாத்தையும் ஒண்டாய்க் கொட்டிப் பெரிய கிடாரத்தில வறுத்திருக்கினம். நீங்கள் சமைச்சனீங்களோ?”

என் வீட்டுப் பைக்கற்றும் பிரிக்காமல்தான் கிடந்தது.

“நம்பரைத் தாங்கோ.”

எனக்குப் பயம் பிடித்தது. வேண்டாம் அண்ணை, அந்தப் பெண்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது, நான் பக்குவமாகச் சொல்கிறேன் என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. கடையில் ஆட்கள் நிற்க நிற்க, ஒலிபெருக்கியில் போட்டு வதனியைக் கூப்பிட்டார். சுகம் விசாரிக்கவில்லை. “பிள்ளை, நான் டோர்ட்மண்டில கடை வைச்சிருக்கிறன். உங்கட தூள் கசக்குது. வெந்தயத்தை ஆர் வறுத்தது?” என்று தொடங்கினார். மல்லியில் மண் இருக்கிறது, மிளகாயில் காம்பு கிள்ளவில்லை, பைக்கற்றின் வாய் ஒழுங்காக ஒட்டவில்லை என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார். அந்தப் பக்கத்தில் சத்தமே இல்லை. அழுகிறாள் என்று நினைத்தேன். கைபேசியைப் பறித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

பிறகு வதனியின் குரல் வந்தது. ஆனால் அது எனக்குப் பழக்கமான புண்ணியக் குரல் இல்லை.

“நீங்கள் சமைச்சுப் பாத்தனீங்களோ அண்ணை?”

“ஓம். கத்தரிக்காயும் போட்டு, பேந்து மீனுக்கும் போட்டுப் பாத்தனான்.”

“இவ்வளவு நாளும் எல்லாரும் நல்லம் நல்லம் எண்டுதான் சொன்னவை. ஆரும் கறியைப் பற்றிக் கதைக்கேல்லை. கிடாரத்திலதான் அண்ணை வறுத்தனாங்கள். கனக்கக் கேக்கினம் எண்டு அவசரப்பட்டிட்டம். வெந்தயத்தைத் தனிய வறுத்துக் கொஞ்சம் அனுப்பட்டோ?”

“அனுப்புங்கோ. இதை நான் கடையில வைக்கமாட்டன்.”

அவர் சொன்னபடியே வைக்கவில்லை. ஒன்றியமே பொங்கி எழுந்தது. தலைவர் துருக்கிக் கடையிலிருந்து நேரே இங்கே வந்து, “அதுகள் எவ்வளவு கஷ்டப்பட்டதுகள் தெரியுமோ?” என்று கேட்டார். “கஷ்டப்பட்டது தெரியும் அண்ணை. அதுக்கும் வெந்தயம் கருகினதுக்கும் என்ன சம்பந்தம்?” என்றார் இவர். ஆட்கள் குறைந்தார்கள். கொஞ்ச நாள் அவருடைய கத்தரிக்காய்கள் அவரைப் போலவே தனியாகக் கிடந்து சுருங்கின.

ஊருக்குப் போய் வருகிறவர்களின் பைகளில் சின்னச் சின்னப் பொட்டலங்கள் வரத் தொடங்கின. ஒவ்வொன்றும் அந்த ஒற்றை அடுப்பில் ஏறியது. தொலைபேசிச் சண்டை வாராவாரம் நடந்தது. வதனியும் இப்போது சும்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஒருமுறை இவர் தூளில் புகை மணக்கிறது என்று குதித்தபோது, “எங்கட தூளில இல்லை அண்ணை, உங்கட சட்டியைப் பாருங்கோ” என்றாள். அவர் கோபத்தோடு பின்னறைக்குப் போய்ச் சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் ஆண்டாண்டு காலக் கரி. புதுச் சட்டி வாங்கிச் சமைத்தார். புகை மணம் போய்விட்டது. அதை அவளுக்குச் சொல்லவே இல்லை, நான்தான் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பு ஊரிலிருந்து தொலைபேசியில் நான் கேட்ட முதல் சிரிப்பு.

எல்லாம் அப்படி அழகாக நடந்தது என்று நினைக்க வேண்டாம். அவருடைய பேச்சுத் தாங்காமல் ஒரு பெண் ஆலையை விட்டே போய்விட்டாள். சேர்ந்த பெண்களை வதனியால் குறைந்த வேலையோடுதான் வைத்திருக்க முடிந்தது. பிள்ளைகளைக் கூட்டி வந்த இருவரில் ஒருத்தி தொழிற்சாலைக்குத் திரும்பிவிட்டாள். இதை அவரிடம் சொன்னேன். நல்ல சொல் ஒன்று சொல்லியிருந்தால் தாக்குப்பிடித்திருப்பார்கள் அண்ணை என்று குரலை உயர்த்தியே சொன்னேன். அவர் அன்று முழுவதும் வாழைக்காய்ப் பெட்டிகளை இடம் மாற்றி இடம் மாற்றி அடுக்கினார். இன்றைக்கும் இந்த விஷயத்தில் அவர் சரியென்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஏன் இப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். வந்த புதிதில் அகதி விடுதியில் எல்லாரும் குளிர்க் கோட்டுத் தந்தார்கள் என்றார். யாரைக் கண்டாலும் ஒரு கோட்டு. அலுமாரி நிறையக் கோட்டு. வெங்காயம் விற்கத் தெரியுமா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. யாழ்ப்பாணத்தில் அவருடைய வீட்டில் பரம்பரையாக வெங்காய வியாபாரமாம். இதைக் கேட்டு நான் உருகிப்போய், கண்டுபிடித்துவிட்டேன் என்று சந்தோசப்பட்டேன். ஒரு மாதம் கழித்து வேறு யாரோ இதையே கேட்டபோது, “என்ர வாய்க்கு ருசி பிழைச்சால் கோவம் வரும், அவ்வளவுதான்” என்றார். எது உண்மை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அடுத்த வசந்தத்தில் தூள் அவருடைய கடைத் தட்டில் ஏறியது. பைக்கற்றில் பெண்ணும் இல்லை, சோகமும் இல்லை. ‘கடும் வறுவல், நல்ல உறைப்பு’ என்று ஒன்று, ‘இள வறுவல், பிள்ளைகளுக்கு’ என்று இன்னொன்று. முதலில் பழைய வாடிக்கைக்காரர்கள் வாங்கினார்கள். பிறகு அவர்களிடம் சாப்பிட்டவர்கள் வந்தார்கள். தூரத்து நகரமான பீலெஃபெல்டிலிருந்து கார் பிடித்து வந்து வாங்கியவர்களை நானே கண்டேன். அது எங்கே செய்தது என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. முக்கியமாக, எல்லாரும் திரும்ப வந்தார்கள்.

அப்படியே இரண்டு கோடை போயிற்று. மறுபடியும் தேர்த் திருவிழாக் காலம். தூளுக்கு ஆட்கள் அலைகிற நேரம். நான் கடையில் நிற்கும்போதுதான் அவர் வதனியைக் கூப்பிட்டு, இந்த முறை இரண்டு மடங்கு வேண்டும் என்றார்.

“ஏலாது அண்ணை.”

“என்ன ஏலாது?”

“வவுனியாவில ரெண்டு கடையும் கொழும்பில ஒரு ஆளும் முழுக்க எடுத்திட்டினம். அவை மாதம் மாதம் எடுக்கினம் அண்ணை. உங்களுக்கு அடுத்த மாதம்தான் தரலாம்.”

அவர் தொப்பியைக் கழற்றினார். முதலில் அதட்டினார். ஆரம்பத்திலிருந்து எடுக்கிறவன் நான் என்றார். பிறகு குரல் இறங்கியது. ஒரு பெட்டியாவது என்றார். திருவிழா வருகிறது, சனம் வந்து கேட்டால் என்ன பிள்ளை சொல்வது என்றார். கடைசியில், அந்த வாயால் நான் கேட்பேன் என்று எண்ணியே இராத சொல்லைச் சொன்னார். “என்னைப் பாத்தால் பாவமா இல்லையோ பிள்ளை?”

“பாவம்தான் அண்ணை,” என்றாள் வதனி. “ஆனால் அவைக்குச் சொல் குடுத்திட்டம். போன மாதமே நீங்கள் சொல்லியிருக்கவேணும்.” பின்னால் ஆலை ஓடும் சத்தம் கேட்டது. வேலை கிடக்கிறது என்று அவளே தொடர்பைத் துண்டித்தாள்.

அவர் கைபேசியையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஏதாவது வெடிக்கும் என்று காத்திருந்தேன். அவர் போய், தூள் இருந்த தட்டில் மிஞ்சிக் கிடந்த பைக்கற்றுகளை எடுத்து வேறெங்கோ வைத்துவிட்டு, தட்டைத் துணியால் துடைத்தார். மூலை மூலையாகத் துடைத்தார். அதில் ரசப்பொடியை அடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். திருவிழா முடியும் வரைக்கும் அந்தத் தட்டு அப்படியே கிடந்தது. யார் தூள் கேட்டாலும் அவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போனார். என்ன இந்த மனிதருக்கு என்று எல்லாரும் யோசித்தார்கள். எனக்குத் தெரியும். வதனி மறுத்ததில் அவருக்குச் சந்தோசம் தாங்க முடியவில்லை.

தலைவர் வந்தபோதும் நான் அங்கே நின்றேன். கோயில் அன்னதானத்துக்குத் தூள் வாங்க வந்திருந்தார். கடை அண்ணை அவரைக் கையில் பிடித்துக் கூட்டிப் போய்த் தட்டுக்கு முன்னால் நிறுத்தினார்.

தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். “இதில ஒண்டும் இல்லையே தம்பி?”

“ஓம் அண்ணை,” என்றார் அவர். தட்டின் விளிம்பை விரலால் தடவினார். “தரமாட்டினமாம்.”